நாற்பதங்குலத் திரையில் மீன் தெளிந்த படலம்

பாடுவோம், பின்னலாடைப் பெருநகரின் மானம் காத்த கண்ணைப் பாடுவோம்! நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகச் சாயம் மாறி ஓடும் நொய்யல் நதி தீரத்திலே, கப்பலேறிக் கடல் கடந்து கண்காணாத் தேசத்து மேனிகளைத் தழுவப்போகும் பனியன்கள் குன்று குன்றாய்க் குவிந்து கிடக்கும் வீரபாண்டிக் கம்பெனியிலே, குழல்விளக்கு வரிசையின் கீழ், நெற்றியில் திருநீறும் காதிடுக்கில் பேனாவும் சட்டைப்பையில் சிவப்பு ஸ்டிக்கர்ச் சுருளும் தரித்து நின்ற செக்கிங் மாஸ்டர் சிவராஜைப் பாடுவோம்! எண்ணெய்க்கறையின் எமன் அவர், பொத்தல்களின் பகைவர், விட்டுப்போன தையலை நாலு மேசைக்கு அப்பாலிருந்தே பிடித்துவிடும் பருந்துநோக்கர். பிழை கண்ட இடத்தில் அம்பு எய்வதே அவர் தொழில். அம்பு என்றால் சுண்டுவிரல் நகமளவுக்கு, அம்பு வடிவில் வெட்டிய சிவப்பு ஸ்டிக்கர். அது ஒட்டப்பட்ட பனியன் அந்த நிமிஷமே ஏற்றுமதித் தகுதியை இழந்து மூலைப்பெட்டிக்குப் போய்விடும்.

இப்பேர்ப்பட்ட வீரரையும் ஒரு ஸ்டிக்கர்தான் கவிழ்த்தது என்றால் யார் நம்புவார்கள்?

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுத் தீபாவளிக்கு முந்திய வாரம், போனஸ் வாங்கிய பெருஞ்சேனை கடைவீதிகளை முற்றுகையிட்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், மிக்சி வாங்குவதற்காக மனைவி கோமளாவுடன் புறப்பட்ட நம் தலைவர், ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் நின்ற இடத்திலேயே நின்றார். எதிர்ச்சுவரில் நாற்பதங்குல அகலத்தில் ஒரு கடல் இருந்தது. அந்தக் கடலுக்குள் ஆரஞ்சு மேனியில் வெள்ளைப் பட்டை பூண்ட மீனொன்று நீந்திக்கொண்டிருந்தது. சிவராஜ் ஒரு சாண் தூரத்துக்கு நெருங்கி, துணியைப் பார்ப்பதுபோலவே அதைப் பார்த்தார். செதில் செதிலாக எண்ணலாம். பட்டை எங்கும் பிசகவில்லை. ஓரம் எங்கும் பிசிறவில்லை. அவர் கை வழக்கம்போலச் சட்டைப்பைக்குப் போய், அம்புக்கு வேலையில்லை என்று கண்டு வெறுங்கையாய்த் திரும்பியது. திரையின் கீழ்மூலையில் பொன்னெழுத்தில் ஒரு ஸ்டிக்கர் மின்னியது: ஃபுல் எச்.டி. ஆயுசு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிப் பிழைத்தவர் ஸ்டிக்கரை நம்பாமல் வேறெதை நம்புவார்? "பேக் பண்ணுங்க" என்று ஆணை பிறந்தது. மிக்சி அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போனது.

சிவராஜின் வீடிருந்த வேலம்பாளையத்துக் குறுகிய வீதியிலே, பட்டத்து யானை வருவதுபோல ஒரு மினிடோர் சரக்கு ஆட்டோவில் அட்டைப்பெட்டி அசைந்து வந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பெட்டி பிரிந்தது, தெர்மோகோல் பறந்தது, சாமி படத்துக்கு நேர்கீழே திரை அமர்ந்தது, கோமளா சூடம் காட்டினாள். பழைய டிவிக்குப் பத்து வருஷமாகப் படியளந்த அதே கறுப்புக் கேபிள் ஒயர் புதியவரின் முதுகிலும் செருகப்பட்டது. சிவராஜ் ரிமோட்டை உயர்த்தி அழுத்தினார்.

அந்தோ! கொடியிடை என்று கவிகள் புகழ்ந்த நாயகியர் எல்லாம் அண்டாவுக்குக் கைகால் முளைத்தாற்போல் வந்து நின்றார்கள். ஒல்லியான நாயகனுக்குத் தோள் இரண்டு பக்கமும் வாசல் நிலையை இடித்தது. செய்தி வாசித்தவளின் முகம் பணியாரம்போல உப்பியிருந்தது, மூக்கு எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்பது அவளுக்கே வெளிச்சம். சதுரத் திரைக்கென்று வந்த படத்தை அகலத் திரைக்கு இழுத்துப் பிடித்தால் வேறென்ன ஆகும்?

"ஏனுங்க, எல்லாரும் ஒரே நாள்ல ஊதிப் போயிட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றாள் கோமளா.

படத்தை அதன் அளவிலேயே வைத்து, இருபுறமும் கறுப்பாக விட்டுக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது. அதையும் அழுத்திப் பார்த்தவர், வெட்டுமேசையில் துணி வீணாவதைக் கண்டவர்போல் துடித்துப்போனார். "ரெண்டு பக்கமும் கறுப்பா வுட்டா அது வேஸ்ட்டேஜ் புள்ள. நாப்பது இஞ்சு டிவிய வாங்கிப்போட்டு முப்பது இஞ்சுல படம் பாக்கறதா?" என்று கூறி, மறுபடி இழுத்துவிட்டார். அன்று முதல் அந்த வீட்டுத் திரையில் ஒல்லி என்பவர் ஒருவரும் இல்லை. பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் கலங்கலைக் கண்டு கண்ணைக் கசக்கியபோதெல்லாம் சிவராஜ் மூலை ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினார். அவர்களும் மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஆனால் எந்தக் கோட்டைக்கும் ஒரு பகைவன் உண்டல்லவா? அவன் பெயர் சரவணக்குமார். கோமளாவின் தம்பி. சாயப்பட்டறை ஒன்றில் சூப்பர்வைசர். நீலத்துக்குள் நாற்பது நீலம் பிரித்துச் சொல்லும் நிறஞானி. வாயைத் திறந்தால் வத்தல் மிளகாய். தீபாவளியன்று மாலை பலகாரத் தட்டோடு வந்தவன், ஜிலேபியைக் கடித்தபடி திரையை ஐந்து நிமிஷம் பார்த்தான்.

"மாமா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்க. ஷேடே மேட்ச் ஆகலீங்க. எங்கூட்டு டப்பா டிவில இதவிடத் தெளிவாத் தெரியுதுங்க. செக்கிங் மாஸ்டருக்கே செகண்ட்ஸத் தள்ளியுட்டானுகளாட்ட இருக்குது!"

செகண்ட்ஸ்! ஏற்றுமதியில் கழிந்த சரக்குக்கு ஊர் வைத்த பெயர் அது. பதினெட்டு ஆண்டு பிறர் சரக்கின்மேல் தாம் எய்த அம்பையெல்லாம் ஒருசேரத் திருப்பித் தம் நெஞ்சிலே தைத்தாற்போல் இருந்தது சிவராஜுக்கு. வார்த்தை வேலம்பாளையத்தைத் தாண்டி வீரபாண்டிக்கு வர இரண்டு நாள்தான் ஆயிற்று. டீக்கடையில் ஒருவன் சிரித்தான்; அதைப் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள், செக்கிங் மேசையில் ஆறு வருஷமாக அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத தேனிப்பக்கத்துப் பாண்டியம்மாள், அவர் 'பாஸ்' என்று தள்ளிய பனியனை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "மாஸ்டர், இன்னொருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கண்ணை நம்பித்தான் கம்பெனி அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறது. கண்ணின்மேல் சந்தேகம் விழுந்தால் பிறகு அவர் யார்?

அன்று வீடு திரும்பியவர் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, வீதி முழுவதும் கேட்க ஒரு சபதம் உரைத்தார். "எல்லாருங் கேட்டுக்குங்க! அந்தக் கடையில பாத்தனே ஒரு மீனு, அந்த மீனு இந்த டிவில தெரியற வரைக்கும் நான் ரிமோட்டத் தொட மாட்டனுங்க!"

எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. கோமளா ரிமோட்டை எடுத்துத் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் தெரிந்தது கவலை என்று சொல்ல முடியாது.

படையெடுப்பு தொடங்கியது. முதலில் அழைக்கப்பட்டவன் கேபிள்காரன் முனீஸ். விளாத்திகுளத்துக் கரிசலில் பிறந்து வேலம்பாளையத்து மொட்டைமாடிகளில் வாழ்பவன். ஏணி சாத்தினான், ஒயரை வெட்டினான், புது முனை போட்டான், மாடியிலிருந்து "இப்ப?" என்று பதினோரு முறை கத்தினான். கீழேயிருந்து "இல்லீங்க" என்று பதினோரு முறை பதில் போயிற்று. கடைசியில் இறங்கிவந்து வியர்வையைத் துடைத்தான்.

"அண்ணாச்சி, வாய்க்கால்ல வாரதுதான தொட்டியில விழும்? தொட்டிய மட்டும் பெருசாக் கட்டிப்புட்டு, தண்ணி ஏன் கலங்கலா வருதுன்னு கேட்டா நான் என்ன செய்ய? எச்.டி.யா எடுத்து எச்.டி.யா அனுப்புனாத்தான் எச்.டி.யாத் தெரியும். நம்ம கேபிள்ல அது வாரதில்ல."

ஒரு கணம் சிவராஜுக்குக் கோபம் வந்தது. மறுகணம், இருண்ட காட்டில் மின்னல் வெட்டியதுபோல உண்மை விளங்கியது. மிஷின்மேல் தப்பில்லை, நூல்தான் மட்டம்! உலகத்தின் உயர்ந்த நிட்டிங் மிஷினிலே கழிவு நூலை ஏற்றிவிட்டு, துணி பட்டாய் இறங்கவில்லை என்று இத்தனை நாள் ஏங்கினோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். நல்ல நூல் எங்கே கிடைக்கும்? இதே கேள்வியோடு அவர் திங்கள் முதல் வெள்ளி வரை கம்பெனியின் ஆபீஸ் பக்கம் நடந்த நடையில், ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அனுசுயாவுக்கே மனம் இரங்கிவிட்டது.

"அண்ணே, எங்க அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து எச்.டி. படம் ஓடுற ப்ளூ-ரே பிளேயர் அனுப்பிருக்கான். எங்க வீட்டு டிவிக்கு அது சேரல, சும்மாதான் கெடக்கு. கூடவே கடல், மீனுன்னு ஒரு டிஸ்க் இருக்கு. கொண்டுபோய்ப் பாத்துட்டுக் குடுங்க."

வரம் கிடைத்த தவசிபோல் சிவராஜ் அந்தக் கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறிக்கப்பட்டது. சரவணக்குமாருக்கு ஆள் போயிற்று. வீடு நிறைந்தது, பிளேயர் பூட்டப்பட்டது, டிஸ்க் உள்ளே போனது, சிவராஜ் தொண்டையைக் கனைத்தார். அந்த நொடியில் மின்விசிறி முனகி, தளர்ந்து, நின்றது. கரண்டு போய்விட்டது. மின்வெட்டு என்னும் அந்த அரக்கன், காலையில் வரவேண்டியவன் மதியத்துக்கு வந்து, மாலைவரை அசையாமல் படுத்துக்கொண்டான். வந்தவர்கள் முறுக்கைத் தின்றுவிட்டு விசிறிக்கொண்டே கலைந்தார்கள். "மீனு தண்ணிக்குள்ளயே இருக்குதாட்டங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான் சரவணக்குமார்.

அடுத்த ஞாயிறு வந்தது. அடுப்பில் கறிக்குழம்பு கொதித்தது, கரண்டும் இருந்தது. கூட்டம் குறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் சரவணக்குமார் மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சிவராஜ் பிளேயரை முடுக்கினார். திரை இருண்டது, இருள் நீலமாயிற்று, நீலம் கடலாயிற்று. அந்தக் கடலின் அடியிலிருந்து, ஆரஞ்சு மேனியில் வெள்ளைப் பட்டை பூண்டு, செதில் செதிலாக, துடுப்புத் துடுப்பாக, மீன் வந்தது.

கரண்டியோடு வந்த கோமளா கரண்டியோடே நின்றாள். நீர்க்குமிழி ஒவ்வொன்றும் உருண்டையாக ஏறியது. மணலில் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகக் கிடந்தது. நண்டின் கண்ணிலே வெளிச்சம் தெரிந்தது. ஒருவரும் உப்பவில்லை, ஒன்றும் பிதுங்கவில்லை. சரவணக்குமார் காலை இறக்கினான். எழுந்து, திரைக்கு அருகே போய், அந்த நீலத்தையே வெகுநேரம் பார்த்தான்.

"தப்பாப் பேசிப்போட்டனுங்க மாமா" என்றான். "ஷேடு பக்காவா இருக்குதுங்க. உங்க கண்ணு கண்ணுதானுங்க." சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினான்.

வெற்றி முரசம் எங்கும் முழங்கவில்லை. குக்கர்தான் ஒரு விசில் அடித்தது. ஆனாலும் சிவராஜின் காதில் அது சங்கநாதமாகவே ஒலித்தது. கோமளா தலையணைக்கடியிலிருந்து ரிமோட்டைக் கொணர்ந்து இரண்டு கையாலும் நீட்டினாள். அதை வாங்கியபோது, இருபத்தாறு நாள் வனவாசம் முடித்த அந்த வீரரின் கண்கள் லேசாகக் கலங்கின. அத்தோடு அவர் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கலாம்.

உட்காரவில்லை. மீன்களின் காட்சி முடிந்து, கடலின் மேலே ஒரு படகு வந்தது. படகிலே மீன்களை ஆராயும் வெள்ளைக்காரர் ஒருவர், நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட காலர் பனியனில், இடுப்பில் கைவைத்து நின்று ஏதோ ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு வானத்திலே ஒரு பறவையைக் காட்டுவதற்காகக் கையைத் தூக்கினார். தூக்கியதுதான் தாமதம், பதினெட்டு ஆண்டுப் பயிற்சி நம் தலைவரின் உடம்பிலே தானே பொங்கியெழுந்தது. பிளேயர் ரிமோட்டில் ஒரு விரல் அழுந்தியது. வெள்ளைக்காரர் தூக்கிய கையோடு உறைந்தார். சிவராஜ் பாய்ந்தார். சட்டைப்பையிலிருந்து அம்பு உருவப்பட்டது. அடுத்த கணம் அது வெள்ளைக்காரரின் அக்குளில், தப்பு இருந்த இடத்துக்கு நேராக, நச்சென்று ஒட்டியிருந்தது.

"பாரு மாப்ள, இங்க பாரு!" சிவராஜின் குரல் வீதிவரை போனது. "முன்பக்கக் கோடு ஒரு பக்கம் போகுது, பின்பக்கக் கோடு ஒரு பக்கம் போகுது. ரெண்டு தையலு வேற வுட்டுப்போயிருக்குது. இதையப் பாஸ் பண்ணுன மகராசன் எந்தக் கம்பெனில இருக்கறானோ! கண்ண எங்க வெச்சுப் பாத்தானோ! இவனாட்ட ஆளுகள வேலைக்கு வெச்சா தொழிலு எப்புடி விளங்கும்!"

சொல்லிமுடித்த மிடுக்கோடு அவர் பார்வை அக்குளிலிருந்து மார்புக்கு நகர்ந்தது. அங்கே, இடது பக்கம், பொன்னூலில் ஒரு சிறிய நங்கூரம் தைத்திருந்தது.

நங்கூரம்.

சிவராஜ் மெல்லத் திரும்பினார். பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மச்சினன் சரவணக்குமார் உட்கார்ந்திருந்தான். நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட காலர் பனியன். இடது மார்பில் பொன்னூலில் நங்கூரம். பனியனைக் கடையில் வாங்கிப் போடுகிறவன் திருப்பூரில் எவன் இருக்கிறான்? ஏற்றுமதி போக மிஞ்சியதுதான் ஊருக்கே உடுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டதென்று முதலாளி தலைமேல் நின்ற அவசரத்திலே, தம் மேசையிலே, தம் கையெழுத்திலே, பாஸ் ஆகிப் போன சரக்கு அது. மிஞ்சியதில் ஒன்றைப் பொங்கலுக்கு மச்சினனுக்குக் கொடுத்தவரும் அவர்தான். அந்த மகராசன் வேலை பார்க்கும் கம்பெனி எதுவென்று இப்போது அவருக்கு ஐயமறத் தெரிந்தது.

உள்ளங்கால்வரை வெட்கம் இறங்கியது. எந்தக் கண்ணின் மானத்துக்காக இருபத்தாறு நாள் போராடினாரோ, அந்தக் கண் கோட்டைவிட்டதற்குச் சாட்சி நாற்பது அங்குல அகலத்தில், துளி கலங்கலில்லாமல், அம்புக்குறியும் போட்டு நின்றது.

சரவணக்குமார் புருவத்தைச் சுருக்கினான். "ஏனுங்க மாமா, இந்தப் பனியன எங்கியோ பாத்தாப்புல இருக்குதுங்களே..."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் செக்கிங் மேசையில் நின்றவள் கோமளா. பக்கத்தையல் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. திரையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. பிறகு, எத்தனையோ பெரும்போர்களில் எத்தனையோ தளபதிகள் செய்யத் தவறியதை அவள் செய்தாள். புருஷன் கையிலிருந்த டிவி ரிமோட்டை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"போதுங்க, மீனுகளப் பாத்துப் பாத்துக் கண்ணே கூசுது. கேபிள்ல மத்தியானப் படம் போட்டுருப்பாங்க. டேய் சரவணா, அங்க என்ன பாத்துட்டு உக்காந்திருக்கற? கறி ஆறுது, எந்திரிச்சு வந்து எலையப் போடு."

படகும் கடலும் மறைந்தன. அண்டா போன்ற நாயகி ஒருத்தி மழையில் நனைந்தபடி வந்தாள். சரவணக்குமாரின் யோசனை கறிக்குழம்பின் வாசனையில் கரைந்து, அடுக்களைப் பக்கம் போயிற்று. சிவராஜ், நாயகியின் கன்னத்தில் நின்றுவிட்ட சிவப்பு அம்பை நகத்தால் சுரண்டி எடுத்துச் சுருட்டிப் போட்டார். கோமளா அவரைப் பார்க்காமலே, இலையில் முதல் கரண்டிக் கறியை அவருக்கு வைத்தாள். அந்த ஒரு கரண்டிக்காக அவளுக்கு ஏழு பிறவி கடன்பட்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது. அதைச் சொல்லத் தெரியாமல், உப்புச் சரியாக இருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை பிளேயர் அனுசுயாவிடம் திரும்பியது. செக்கிங் மேசையில் மாஸ்டர் ஒவ்வொரு பக்கத்தையலையும் இரண்டு முறை தூக்கிப் பார்ப்பதைப் பாண்டியம்மாள் கவனித்தாள், காரணம் கேட்கவில்லை. மறுவருஷம் முனீஸே தேடிவந்து, "அண்ணாச்சி, இப்ப நெசமாவே எச்.டி. வந்துட்டு, பாக்ஸ் மாட்டட்டுமா?" என்று மன்றாடியபோதும், வேண்டாமுங்க என்று ஒற்றைச் சொல்லில் அனுப்பிவைத்தார் சிவராஜ். பொன்னெழுத்து ஸ்டிக்கர் மின்னும் அந்தப் பெருந்திரையிலே இன்றும் ஏன் கலங்கிய நாயகியரும் உப்பிய நாயகருமே உலா வருகிறார்கள் என்று வேலம்பாளையத்து ஆன்றோர் அவையிலே, டீக்கடையிலே, குழாயடியிலே பலவாறு ஆராய்ந்து, சிக்கனம் என்று சிலரும், சபதம் என்று சிலரும், கோமளாவின் கொடுங்கோல் என்று சிலரும், அந்த மீனிடம் மாஸ்டர் ஏதோ வேண்டுதல் வைத்திருப்பதாகச் சிலரும் உரைப்பார்கள். அவர்கள் அனைவரும் அறியாத அந்தக் காரணத்தை, கடலும் காற்றும் நொய்யலும் சாட்சியாக, இதோ உலகுக்கு உரைக்கிறோம்.

கேபிளில் தையல் தெரியாது.